சென்னை மதினியும் பின் அறை விருந்தாளியும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு நல்ல மனசு ஒன்று போதும் என்று நம்பி வந்திருந்தால், அந்த நம்பிக்கையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் அடித்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். நீங்கள் வருகிறீர்கள். அதனால் வாயைத் திறந்து கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

இங்கே யார் நம்மிடம் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுக் கையில் கிடைத்த பையோடு தென்காசி ஸ்டேஷனில் இறங்கியவர்கள், குற்றாலத்தில் சீசன் கடைக்கு வேலைக்கு வந்து அந்த வேலையும் போய் நிற்பவர்கள், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியில் வளர்ந்து வயது முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர்கள். பதினெட்டு முடிந்த பிள்ளைகள். அதற்குக் கீழே என்றால் அதற்கென்று அரசாங்க அலுவலகம் இருக்கிறது, நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு இரவு படுக்க ஓர் இடம். அவ்வளவுதான் நாம் கொடுப்பது. எங்கள் இலஞ்சி வீட்டில் பின் அறை சும்மாதான் கிடந்தது. மகன் பெங்களூரில். அறையோடு சேர்ந்த குளியலறை, வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் உண்டு. கொடுத்தோம்.

எங்களைச் சேர்த்துவிட்டவர் ஓர் அம்மாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். முதல் நாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

“சோறு, படுக்கை, உள்பக்கம் தாழ்ப்பாள். இந்த மூணையும் குடுங்க. நாலாவதா ஒண்ணு குடுக்கணும்னு கை துறுதுறுன்னு வந்தா, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துருங்க.”

தலையாட்டினோம். முதல் விருந்தாளி வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பையனுக்கு இட்லி, பணியாரம், அடை, பால், பழம் என்று ஒன்று மாற்றி ஒன்றாக நான் வைத்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் இருந்தவர். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று அவனுக்கு எல்லைக்கல் நட்டு விளக்கினார். அவன் கொட்டாவி விட்டான். அதற்கும் இவர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். விடிந்ததும் விடியாததுமாக அவன் கிளம்பிவிட்டான். அடுத்த நாள் சிஸ்டரிடம் போய்ச் சொன்னானாம்: “இனிமே என்னை அங்கன அனுப்பாதீங்க சிஸ்டர். அவங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்க.”

அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் அடங்கினோம். ஆனால் சிஸ்டர் சொன்ன இன்னொரு விதி இருந்தது. அதில்தான் மாட்டிக்கொண்டோம். வந்திருப்பவன் யார், ஏன் வந்தான் என்று வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. “அவன் கதை அவன் சொத்து. அவன் சொன்னா சொல்லட்டும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க” என்பார். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. சாரல் சீசனில் குற்றாலத்துப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று கேளுங்கள்.

இப்போது சொல்லப்போவது கார்த்திக் கதை. அது அவனுடைய உண்மைப் பெயர் இல்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். “தாராளமாச் சொல்லுங்க ஆன்ட்டி, பேரை மட்டும் கொஞ்சம் ஸ்டைலா வைங்க” என்றான். எனக்குத் தெரிந்த ஸ்டைல் இவ்வளவுதான்.

அது சீசன் தொடங்கிய சமயம். மதியம் சிஸ்டர் போன் செய்தார். கார்த்திக் விடுதியில் வளர்ந்தவன். அப்பா அம்மா என்று யாரும் இல்லை. ஐந்தருவியில் ஒரு பழக்கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றுக்கொண்டு, கடைக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் சொந்தத்தில் ஒரு பையன் வந்துவிட்டதால் இவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடைக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். நடுவில் இருப்பது ஓர் இரவு.

சாயங்காலம் வந்தான். மெலிந்த பையன். தலையை ஒட்ட வாரியிருந்தான். பின் அறையைக் காட்டினேன். தாழ்ப்பாளைப் போட்டான், திறந்தான், திரும்பப் போட்டான்.

“தாழ்ப்பா உள்பக்கமா ஆன்ட்டி?”

“உள்பக்கந்தான்.”

“நானே போட்டுக்கிடலாமா?”

“நீதான் போடணும். நாங்க தட்டிட்டுத்தான் வருவோம்.”

ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்து, கூச்சத்தோடு, “கோழியும் புரோட்டாவும்” என்றான். நாங்கள் சைவம். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை. ஆனால் கேட்டபிறகு இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பிரானூர் பார்டருக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் புரோட்டாக் கடைகள் வரிசையாக இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு கடைக்குள் நுழைகிறார். அங்கே போய் என்னென்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்குத் தெரியும்.

அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

இறங்கியது எங்கள் சென்னை மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. பின்னாலேயே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். சொல்லாமல் கொள்ளாமல்.

“சாரல் விழுந்துட்டுன்னு டிவில சொன்னான். கெளம்பிட்டோம்” என்றார் மதினி. ஊரைவிட்டுப் போய் எத்தனையோ காலமாகியும் பேச்சு அப்படியே இருக்கும். “ஏட்டி கோமு, வென்னி போடு. முட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. நான் பின் ரூம்ல செத்த நேரம் படுக்கேன்.”

வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற ஒரே அறை அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பின் அறைக் கதவைத் தள்ளிவிட்டார். கதவு அசையவில்லை.

“உள்ள யாரு?”

“விருந்தாளி, மதினி.”

“விருந்தாளியா? அப்ப நாங்க யாரு, தண்ணி கேன் போட வந்தவங்களா?”

நான் சிரித்து வைத்தேன்.

“எந்த விருந்தாளி? யாரு வீட்டுப் பிள்ள? எந்த ஊரு? நம்ம ஆளுகளா?”

பிள்ளைகளே, இந்தக் கேள்விகள் நம் ஊரில் எந்த வரிசையில் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் கடைசிக் கேள்விவரை போய்த்தான் நிற்கும். அதனால் நான் பதில் சொல்லவில்லை. “விருந்தாளிதான் மதினி” என்று அதையே திரும்பச் சொன்னேன். அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் பார்சல் பையோடு உள்ளே நுழைந்தார்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அது நல்ல குணம் என்பீர்கள். இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய்யே சொல்லாமல் இருந்தால்தான் அது நல்ல குணம். இவர் நெருக்கிக் கேட்டால் ஒரு பொய்யைச் சொல்லிவிடுவார். சொல்கிறபோது காது சிவக்கும்.

“ஏலே சங்கரா, பின் ரூம்ல யாருலே? உம் பொண்டாட்டி என்னமோ ரகசியம் மாதிரி மென்னு முழுங்குதா.”

இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன், பேசாதீர்கள் என்று. எதையாவது சொல்லுங்கள் என்று கண் காட்டுவதாக எடுத்துக்கொண்டார்.

“அக்கா... அது வந்து... அவனுக்கு அம்மை.”

வேன் டிரைவர்கூட ஓரடி பின்னால் போனார். மருமகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறிவிட்டாள். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்கிறேன்: ஆகா, இந்த மனுஷனுக்கும் மூளை இருக்கிறது, எல்லோரும் லாட்ஜுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் போனார்கள். மதினி போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பின் அறைக் கதவுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தாயி வந்து எறங்கிருக்கா. அவளை இங்கன விட்டுட்டு நான் லாட்ஜுல போய்ப் படுத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா? தண்ணி ஊத்துத வரைக்கும் நான் எங்கயும் போமாட்டேன்.”

அம்மை இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் குளிப்பாட்டும்வரை என்று அர்த்தம். அதற்கு நாள் கணக்கு உண்டு. அவனுக்கோ விடிந்தால் ரயில்.

“சங்கரா, கையில என்ன?”

“மருந்து அக்கா.”

“சுடச்சுட இருக்கு?”

“நாட்டு மருந்து.”

மதினி மூக்கை உறிஞ்சினார். “மிளகு வாசம் வருதே?”

“மிளகு நெறையச் சேப்பாங்களாம்” என்றார் இவர். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். காது மட்டும் கொஞ்சம் வெளுத்தது.

அதற்குப் பிறகு வீடு மதினியின் கைக்குப் போய்விட்டது. வாசல் கேட்டில் வேப்பங்குலை செருகினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டி நின்று விசாரித்தார்கள். அடுப்பில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, யாரும் தலை வாரக் கூடாது. கம்பங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும் மட்டும். தன் கையாலேயே கரைத்துக் கதவுக்கு வெளியே வைத்து, “எய்யா, எடுத்துக் குடி” என்று குரல் கொடுத்தார். உள்ளிருந்து ஒரு கை வந்து செம்பை எடுத்துக்கொண்டது. மதினி அந்தக் கையையும் கும்பிட்டார்.

நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். பின் அறை ஜன்னல் அங்கேதான். இவர் எனக்கு முன்னாலேயே அங்கே நின்று, கம்பி வழியாகப் பார்சலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, உனக்கு அம்மை வந்துருக்கு” என்றேன்.

“எப்ப ஆன்ட்டி?”

“இப்பதான். சார் கொண்டு வந்தாரு.”

விஷயத்தைச் சொன்னதும் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் மதினி அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கம் இவன் கட்டிலில் சம்மணம் போட்டுக் கோழி தின்கிறான். எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் மட்டும்தான் சிரிக்கவில்லை. அம்மன் பேரைச் சொல்லிவிட்டோமே என்று கலங்கிப்போயிருந்தார்.

ஆனால் சிரிப்பு நின்றதும் கார்த்திக் முகம் மாறியது. “நாளைக்குக் காலைல எப்படி வெளிய போவேன் ஆன்ட்டி?” என்றான். அதோடு இன்னொன்றும் சொன்னான். கடையில் அவனைத் தெரிந்தவர் ஒருவருடைய நம்பர் கேட்பார்களாம். அவரிடம் பேசிவிட்டுத்தான் வேலைக்கு வைப்பார்களாம். பழக்கடைக்காரரைக் கேட்டதற்கு, எனக்கு எதுக்கு வம்பு என்று சொல்லிவிட்டார்.

நம் நம்பரைக் கொடுப்பதில்லை. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அது நாலாவது சாமான். நான் சிஸ்டருக்குப் போன் செய்தேன். அம்மைக் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு சொன்னார்:

“என் நம்பரைக் குடுக்கச் சொல்லுங்க, நான் பேசுதேன். ஆனா நான் பேசுனா, எந்த விடுதி, என்ன கேஸுன்னுதான் கேப்பாங்க. போன தடவை ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் ஆச்சு. பாப்போம். மத்தது, பொய் சொன்னது உங்க வீட்டுக்காரர். அதுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கது அந்தப் பையன். நீங்களா ஒரு வழி கண்டுபிடிச்சு அவனை அதுல தள்ளாதீங்க. அவனைக் கேளுங்க.”

எவ்வளவு சாதாரணமான பேச்சு பாருங்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. மதினியை எப்படிச் சமாளிப்பது, மானம் போகாமல் எப்படித் தப்பிப்பது என்று என் வீட்டு வழக்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படித்தான் வரும். நெருக்கடி வந்தால் முதலில் நம் மூஞ்சியைக் காப்பாற்றத்தான் தோன்றும்.

விடிந்ததும் இவர் ஒரு திருப்புளியோடு ஜன்னலுக்கு வந்துவிட்டார். கம்பியைக் கழற்றிவிட்டால் அவன் கொல்லைவழியாக இறங்கிப் போய்விடலாம், தென்னந்தோப்பைத் தாண்டினால் மெயின் ரோடு என்று தரையில் கோடு போட்டுக் காட்டினார். நான் கார்த்திக்கைக் கேட்டேன். “நீ சொல்லுப்பா. எப்படிப் போணும்னு நெனைக்க?”

அவன் குளித்து, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னான்:

“ஐந்தருவில கடைக்குப் பின்னால ஒரு சந்து உண்டு ஆன்ட்டி. நான் அது வழியாத்தான் வரணும் போணும். முன்னால வந்தா ஓனர் ஏசுவாரு. இன்னைக்கு வேண்டாம். முன்வாசல் வழியாவே போறேன். ஆச்சிட்ட நானே சொல்லுதேன்.”

“அவங்க ஏதாவது சொல்லிட்டாங்கன்னா?”

“சொன்னா கேட்டுக்கிடுதேன்.”

பயந்தது அவன் இல்லை, நான்தான். மதினியின் வாய் எனக்குத் தெரியும். வேலை கேட்டுப் போகிற பிள்ளை, போகிற நேரத்தில் ஒரு சொல் சுருக்கென்று தைத்துவிட்டால் அந்த முகத்தோடு அங்கே போய் எப்படி நிற்பான்? அடுக்களையில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். தாளிக்கவும் முடியாது, சும்மா பிடித்திருந்தேன்.

தாழ்ப்பாள் திறந்தது. மதினி கதவுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்து, அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார். கார்த்திக் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“ஆச்சி, எனக்கு அம்மை இல்ல.”

மதினி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். “ஒரு முத்துகூட இல்லியே? அதுக்குள்ள எறங்கிட்டாளா?”

“வரவே இல்ல ஆச்சி.”

“பெறகு?”

“எனக்குப் படுக்க இடமில்ல. ஒரு ராத்திரிக்கு இவங்க குடுத்தாங்க. நீங்க கேட்டீங்கன்னு சார் பதறிட்டாரு.”

“நீ யாரு வீட்டுப் பிள்ளலே?”

“யாரு வீட்டுப் பிள்ளையும் இல்ல ஆச்சி. ஹோம்ல வளந்தேன்.”

தலைமாட்டில் மதினியின் கைப்பை இருந்தது. அவர் கை மெதுவாகப் போய் அதை மடிக்கு இழுத்துக்கொண்டது. தெரிந்து செய்தாரா, கை தானாகப் போனதா, எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

எனக்கு அங்கே பாய்ந்து போய் நான்கு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்கும் மதினிக்கும் சண்டை நடந்திருக்கும். அவன் நடுவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேசிக்கொண்டிருந்தது அவன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். இத்தனை காலத்தில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“பையைப் பக்கத்துலயே வச்சுக்கோங்க ஆச்சி” என்றான் கார்த்திக். குரலில் கோபம் இல்லை. “நான் ஒண்ணும் நெனைக்கல. ஹோம்ல நானும் பையைத் தலைக்கு அடில வச்சுத்தான் படுப்பேன். இல்லன்னா காலைல இருக்காது.”

மதினி பையைப் பார்த்தார். அதை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சங்கடத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டுமே.

“ஏலே சங்கரா!”

இவர் அதற்குள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

“தாயி பேரைச் சொல்லியாலே பொய் சொல்லுவ? ராத்திரி பூரா உப்பில்லாத கூழைக் குடிச்சிட்டு, கிழவி தரையில கெடந்தேனே! தொண்டை கட்டுத அளவுக்குப் பாடுனேனே! எங்கிட்டச் சொன்னா நான் என்ன தின்னுருவனா?” திடீரென்று ஏதோ ஞாபகம் வந்து கார்த்திக் பக்கம் திரும்பினார். “அந்த நாட்டு மருந்து என்னது?”

“கோழி, ஆச்சி.”

“கோழியா?”

“மிளகு சேத்தது உண்மைதான் அக்கா” என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மதினிக்கு உதடு துடித்தது. அழப்போகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அடக்கி முடித்ததும் தீர்ப்புச் சொன்னார்: அம்மனைக் கூப்பிட்டவன் சங்கரன், அதனால் அம்மை வந்தது சங்கரனுக்குத்தான், ஆகவே தண்ணீர் ஊற்ற வேண்டியதும் சங்கரனுக்குத்தான். கொல்லையில் துவைக்கிற கல்லில் இவரை உட்காரவைத்தார். இடுப்பில் துண்டு. அண்டா நிறைய வேப்பிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீர். சாரல் வேறு விழுந்துகொண்டிருந்தது.

“எய்யா, நீ ஊத்து. சட்டையில படாம ஊத்து” என்று செம்பைக் கார்த்திக்கிடம் கொடுத்தார். அவன் முதலில் தயங்கினான். இவரே தலையைக் குனிந்து, “ஊத்துப்பா, அக்கா ஊத்துனா வென்னியா இருக்கும்” என்றார். அவன் ஊற்றினான். இவர் நடுங்கிக்கொண்டே கும்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, அம்மை இவருக்கா வந்தது, பாவம், என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு மதினி தாளிக்க அனுமதி கொடுத்தார். கார்த்திக்குக்கு உப்புமா வைத்தேன். அவன் சாப்பிடுகிறபோது எதிரே உட்கார்ந்து எந்தக் கடை, என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முந்தின நாள் கேட்ட வரிசை இல்லை, வேறு கேள்விகள். அவனும் சொன்னான். தெரிந்தவர் நம்பர் கேட்பார்கள் என்பதையும் சொன்னான்.

“யாரு நம்பரைக் குடுக்கப் போற? கோமு நம்பரா?”

“அது கூடாதாம் ஆச்சி. சிஸ்டர் பேசுவாங்க.”

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். “எங்க விதி அது மதினி” என்றேன்.

“உங்க விதிக்கு நான் கையெழுத்துப் போட்டனா?” என்றார். “போனை எடுலே. நான் சொல்லச் சொல்ல அமுக்கு.”

நாலாவது சாமான். நான் தடுத்திருக்க வேண்டுமா என்று சிஸ்டரிடம் பிறகு கேட்டேன். அவர் “அந்த அம்மா நம்ம ஆள் இல்லியே” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அன்றைக்கு நான் தடுக்கவில்லை.

கார்த்திக் முன்வாசல் வழியாகவே போனான். இவர் ஈரத்தலையோடு, காதோரம் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருக்க, ஸ்கூட்டரில் கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார்.

மதியத்துக்கு மேல், லாட்ஜிலிருந்த மகன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியது. மதினி முட்டுவலியை மறந்து தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டார். மருமகள் எல்லோருடைய போன்களையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அதில் ஒன்று அடித்தது. மதினியுடையது. புது நம்பர்.

“அத்த, திருநெல்வேலியாம். ஏதோ ஜவுளிக்கடை.”

மதினி சொட்டச் சொட்ட வெளியே வந்தார். அருவி இரைச்சலில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான் பக்கத்தில் போய் நின்றேன். முந்தின நாள் முழுக்கப் பொய்யால் பட்ட பாடு போதும், இன்னொன்று வேண்டாம் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர்கள் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்றும் இருந்தது. ஏதாவது எடுத்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மதினி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“அம்மா, இங்க ஒரு பையன் வேலைக்கு வந்துருக்கான். உங்க நம்பர் குடுத்தான். பையன் எப்படி?” என்று கேட்டது ஓர் ஆண் குரல். சூப்பர்வைசராக இருக்கும்.

“நேத்து ராத்திரி எங்க தம்பி வீட்டுல இருந்தான். உண்மையைப் பேசுத பிள்ள. நான் கண்ணால பாத்தேன்.”

“சரிம்மா. அவன் உங்களுக்கு என்ன வேணும்?”

நம் ஊரில் உறவைக் கேட்பது இப்படித்தானே. பேரனா, அண்ணன் மகனா, யாராவது ஒன்று சொல்லியாக வேண்டும். மருமகள் அத்தையையே பார்த்தாள். மதினி முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா. அவனுக்குத்தான் வேல வேணும்.”

அந்தப் பக்கம் அந்த ஆள் சிரிக்கிறது கேட்டது. “சரி ஆச்சி. பையை ஹாஸ்டல்ல கொண்டுபோய் வைக்கச் சொல்லுதேன்” என்று போனை வைத்தார்.

மதினி போனை மருமகள் கழுத்துக் கவருக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இங்கன நின்னு என்னத்தட்டி பாக்க? தள்ளு. தண்ணி எனக்கு விழல.”

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு மறுபடியும் அருவிக்குள் போய்விட்டார்.